பூமி சாய்ந்திருப்பதால் கிடைத்த வேலை

கோள்களைக் காட்டிப் பிழைக்கிறவர்களுக்கு ஒரு தலைவிதி உண்டு: பெரியவர்கள் ஜாதகத்தை நீட்டுவார்கள், குழந்தைகள் "ஏன்?" என்று கேட்பார்கள். ஜாதகக்காரர்களிடம் "எனக்குத் தெரியாதுங்க" என்று சொல்லித் தப்பித்துவிடலாம். "ஏன்?" பார்ட்டிகளிடம் அந்தச் சலுகை கிடையாது.

வீட்டில் ஒரு பிள்ளையாவது வைத்திருக்கும் உங்களுக்கு இது தெரியாதா என்ன? "அம்மா, வெயில் காலம் ஏன் வருது?" என்று பள்ளிக்கூடப் பையைக் கழற்றும்போதே கேட்டிருக்கும். நீங்களும் "முதல்ல போய் முகம் கழுவு" என்று சமாளித்திருப்பீர்கள். நான் அதே கேள்விக்குச் சம்பளம் வாங்குகிறேன். முகம் கழுவச் சொல்ல முடியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஹைதராபாத் பள்ளிகளுக்கு நடமாடும் கோளரங்கம் கொண்டுபோகும் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. காற்றடித்தால் உப்பி நிற்கும் ஒரு கருப்புத் துணிக் கூடாரம், உள்ளே ஒரு புரொஜெக்டர், ஒரு டார்ச், ஒரு உலக உருண்டை. பிள்ளைகள் தவழ்ந்து உள்ளே வருவார்கள். நாற்பது நிமிடத்தில் பருவ காலங்கள் ஏன் வருகின்றன என்று சொல்லி, தவழவிட்டு வெளியே அனுப்பவேண்டும். திண்டுக்கல்லில் இயற்பியல் படித்துவிட்டு, கணவரின் ஐ.டி. வேலைக்காக உப்பலில் குடியேறிய எனக்கு அந்தப் படிப்பு இப்படித்தான் சோறு போடுகிறது. வேன் ஓட்டுவதும், வெளியே நின்று காற்றடிக்கும் மெஷினைப் பார்த்துக்கொள்வதும் ஸ்டீபன் அண்ணன். மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த தமிழர். அவர் தமிழில் 'ஆமாம்' கிடையாது, 'ஹவ்'. 'வேண்டாம்' கிடையாது, 'நக்கோ'. 'ஏன்' கிடையாது, 'கைக்கு'.

எங்கள் காட்சிகளில் பேச்சு நாலு மொழியில் நடக்கும். உங்களுக்காக எல்லாவற்றையும் தமிழாக்கியிருக்கிறேன்.

நல்ல இட்லி

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள். உப்பல் பக்கம் ஒரு பள்ளி மைதானம். ஸ்டீபன் அண்ணன் மெஷினைப் போட்டார். தரையில் கிடந்த துணி புரண்டு, எழுந்து, வயிறு முட்டச் சாப்பிட்டவர் ஏப்பம் விடுவதுபோல ஒரு சத்தம் போட்டுவிட்டு உப்பி நின்றது. வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரே குரலில் "நல்ல இட்லி! நல்ல இட்லி!" என்று கத்தத் தொடங்கினார்கள்.

எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. ஊர் விட்டு ஊர் வந்து, பாஷை தெரியாத இடத்தில், முதல் காட்சிக்கு முன்னாலேயே இப்படி ஒரு பாராட்டு. அதுவும் தமிழில்! அவர்களைப் பார்த்துக் கைகூப்பினேன். "ரொம்ப நன்றி, ரொம்ப நன்றி" என்றும் சொல்லிவைத்தேன். பிள்ளைகள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். மெஷினுக்குப் பக்கத்தில் குந்தியிருந்த ஸ்டீபன் அண்ணன்தான் மெதுவாகச் சொன்னார்: "சிஸ்டர், ரொம்ப குஷி ஆவாதீங்க. தெலுங்குல நல்லன்னா கருப்பு."

நிமிர்ந்த உலகம்

ஒரு தனியார் பள்ளிக்குப் போன அன்று எங்கள் உலக உருண்டை வேனில் உருண்டு தாங்கி உடைந்துவிட்டது. தாளாளர் மேஜையில் அழகான பெரிய உருண்டை ஒன்று இருந்தது. கடன் கேட்டு வாங்கினேன். கையில் எடுத்ததும் ஏதோ சரியில்லை என்று பட்டது. உலக உருண்டை எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், பார்த்திருப்பீர்கள். இது காவலுக்கு நிற்கும் சிப்பாய் மாதிரி நிமிர்ந்து நின்றது. தாங்கியை வளைத்து, பசை வைத்து, அசையாமல் இறுக்கியிருந்தார்கள்.

"வாஸ்து பார்க்க வந்தவர், தலைவர் மேஜையில் சாய்ந்த பொருள் ஆகாதுன்னு சொன்னார்" என்றார் தாளாளர். வேறொருவராக இருந்தால் விட்டிருப்பார்கள். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. டார்ச்சை எடுத்தேன். "சார், பூமி சாய்ந்தபடியே சூரியனைச் சுற்றுகிறது. அதனால்தான் ஆறு மாதம் வட பாதிக்கு வெயில் நேராக விழுகிறது, ஆறு மாதம் தென் பாதிக்கு. இப்படி நிமிர்ந்து நின்றால், சுற்றிச் சுற்றி வந்தாலும் வருஷம் முழுக்க ஒரே மாதிரி வெயில்தான் விழும். ஜனவரிக்கும் மே மாதத்துக்கும் வித்தியாசமே இருக்காது" என்று, அவர் மேஜையையே சுற்றி நடந்து காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, முகமெல்லாம் மலர்ந்து சொன்னார்: "அப்போ மே மாசச் சூடு வராதா? பாருங்க மேடம், வாஸ்து எவ்வளவு நல்லா வேலை செய்யுது!"

ஐம்பது லட்சம் கிலோமீட்டர்

இனி சொல்லப்போவது என் மானம் போன கதை. வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. செகந்திராபாத் பக்கம் ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்பின் மூன்று பிரிவுகளுக்கும் காட்சி நடத்தினேன். நன்றாகப் போனது. "மே, ஜூன் மாதங்களில் நம்ம பக்கம் சூரியனை நோக்கிச் சாயுது. சாயும்போது சூரியனுக்குக் கிட்டே போறோம், அதனாலதான் சூடு" என்றேன். கைதட்டல். ஐந்து நிமிடம் கழித்து, "இப்ப ஒரு ஆச்சரியம் சொல்றேன். பூமி சூரியனுக்கு ரொம்பக் கிட்டே இருக்கிறது எப்போ தெரியுமா? ஜனவரியில!" என்றேன். இன்னும் பெரிய கைதட்டல். நானும் சந்தோஷமாக வீட்டுக்கு வந்து சாப்பிட்டுத் தூங்கிவிட்டேன்.

சில வாரங்கள் கழித்து அந்தப் பள்ளியின் அறிவியல் ஆசிரியையிடமிருந்து போன். "சஹஸ்ரான்னு ஒரு பொண்ணு என் உயிரை எடுக்குது மேடம், நீங்களே பேசுங்க" என்று போனைக் கொடுத்துவிட்டார். சன்னமான குரல். "ஆண்ட்டி, சாயறதால நம்ம பக்கம் எவ்வளவு கிட்டே போகும்?" நான் தெம்பாகச் சொன்னேன்: "பூமியோட அகலமே பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்தானே? அதுல சில ஆயிரம் கிலோமீட்டர்." "ஜனவரியில பூமி எவ்வளவு கிட்டே போகும்?" "ஜூலையைவிட ஒரு ஐம்பது லட்சம் கிலோமீட்டர்." சொல்லும்போதே உறைத்தது: நான் மூன்று வகுப்புக்குப் பொய் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். பிறகு அந்தக் குரல், ரொம்ப மரியாதையாகவே கேட்டது: "ஐம்பது லட்சம் கிட்டே போனா ஸ்வெட்டர் போடுறோம், சில ஆயிரம் கிட்டே போனா ஃபேன் போடுறோமா ஆண்ட்டி?"

மன்னிப்பு கேட்கப் போனது

தெரியாமல் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. எனக்குத் தெரியும். சாய்வதால் வெயில் நேராக விழுகிறது, பகல் நீள்கிறது, அதுதான் காரணம், கிட்டே போவது இல்லை என்று பரீட்சையில் எழுதிப் பாஸ் பண்ணினவள் நான். பேச்சு வேகத்தில், கேட்க நன்றாக இருக்கிறது என்று வாயில் வந்ததைச் சொல்லியிருக்கிறேன். முதலாளியிடம் போய், திரும்பப் போய்த் திருத்திவிட்டு வருகிறேன் என்றேன். அவர் கெட்டவர் இல்லை. "பசங்க இதெல்லாம் ஞாபகம் வச்சுக்க மாட்டாங்கம்மா. நாம தப்பு சொன்னோம்னு நாமே போய்ச் சொன்னா அடுத்த வருஷம் யார் கூப்பிடுவாங்க?" என்றார். அதுவும் நியாயம்தான். இரண்டு நாள் யோசித்தேன். சஹஸ்ராவின் ஃபேன் தலைக்குமேல் சுற்றிக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள் லீவு எழுதிக் கொடுத்தேன். தெரு முனையில் ஆட்டோவுக்கு நின்றபோது ஸ்டீபன் அண்ணன் தன் ஸ்கூட்டரில் வந்து நின்றார். அவருக்கும் அன்று லீவாம். "கைக்கு தனியா போறீங்க? திட்டு வாங்குறதுன்னா ரெண்டு பேரா வாங்கலாம், ஏறுங்க" என்றார்.

தலைமை ஆசிரியை முதலில் தயங்கினார். பெற்றோர் காதுக்குப் போனால் என்ன ஆகும் என்ற பயம். கடைசியில் காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் பத்து நிமிடம் கொடுத்தார். மைக் முன்னால் நின்றேன். "நான் உங்களுக்குச் சொன்னது தப்பு" என்று ஆரம்பித்தேன். பிள்ளைகள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒரு பெரியவர் இப்படிச் சொல்லி அவர்கள் கேட்டதே இல்லை போலிருக்கிறது. "இப்போ மணி எட்டரை. உங்க முகத்துல வெயில் விழுது. சுடுதா?" "இல்லை!" "மதியம் பன்னிரண்டு மணிக்கு இங்கேயே நின்னா?" "சுடும்!" "சூரியன் கிட்டே வந்துடுச்சா?" நானே பதிலும் சொன்னேன்: "அதே சூரியன், அதே தூரம். காலையில வெயில் சாய்ஞ்சு விழுது, மதியம் நேரா விழுது. பூமி சாய்ஞ்சிருக்கிறதால டிசம்பர்ல மதிய வெயில்கூடக் கொஞ்சம் காலை வெயில் மாதிரி சாய்ஞ்சுதான் விழும், பகலும் சின்னது. மே மாசத்துல நேரா விழும், பகலும் பெரிசு. அவ்வளவுதான் விஷயம். கிட்டே போறதும் காரணம் இல்லை, தூரம் போறதும் காரணம் இல்லை."

கூட்டம் கலைந்தபோது, ரெட்டை ஜடை போட்ட ஒல்லியான ஒரு பெண் எனக்கு நேராக வந்து நின்றாள். சொல்லாமலே தெரிந்துவிட்டது, சஹஸ்ரா. ஜெயித்த முகமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை, கவலைப்பட்ட முகம். சுற்றிலும் பார்த்துவிட்டு, எனக்கு மட்டும் கேட்கிறமாதிரி சொன்னாள்: "ஆண்ட்டி, யூனிட் டெஸ்ட்ல நீங்க முதல்ல சொன்னதையே எழுதி அஞ்சுக்கு அஞ்சு வாங்கிட்டேன். அதைத் திருப்பிக் கொடுக்கணுமா?"

ஒரு கரண்டி மாவு

பிறந்தநாள் விழாக்களுக்கும் போவோம். ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில், நிவேதா என்ற ஏழு வயதுத் தமிழ்க் குழந்தைக்குப் பிறந்தநாள். "வீட்டில் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிறாள், கோபம் வந்தால் தெலுங்கு" என்று அவள் அம்மா குறைப்பட்டுக்கொண்டார். காட்சி ஆரம்பித்துப் பத்தாவது நிமிடம் கரெண்ட் போய்விட்டது. காற்று நின்றால் எங்கள் கூடாரம் மெல்ல மெல்லத் தலையில் இறங்கும். ஆபத்து ஒன்றுமில்லை, போர்வைக்குள் மாட்டின மாதிரிதான். ஆனாலும் முப்பது குழந்தைகள், வெளியே முப்பது அம்மாக்கள். ஸ்டீபன் அண்ணன் துணியைத் தூக்கிப் பிடிக்க, ஒவ்வொருவராக வெளியே இழுத்தோம். ஒரு குழந்தை தூங்கிக்கொண்டே வந்தது.

கரெண்ட் எப்போது வரும் என்று தெரியாது. பிள்ளைகள் கேக் மேஜைப் பக்கம் நகர ஆரம்பித்துவிட்டார்கள். ஓரத்தில் தோசை போடுகிறவர் கேஸ் அடுப்போடு சும்மா நின்றுகொண்டிருந்தார். அவரிடம் ஓடினேன். "ஒரு கரண்டி மாவை விட்டு, தேய்க்காம அப்படியே ஊத்தப்பமா விடுங்க. பக்கத்துல அதே ஒரு கரண்டி, எவ்வளவு மெல்லிசா தேய்க்க முடியுமோ தேய்ங்க." பிள்ளைகள் கல்லைச் சுற்றிக்கொண்டார்கள். "மாவுதான் வெயில்னு வச்சுக்கோங்க. ரெண்டும் ஒரே கரண்டி. நேரா விழுற வெயில் சின்ன இடத்துல கெட்டியா நிக்கும், அதனால சூடு. சாய்ஞ்சு விழுற வெயில் பெரிய இடத்துல பரவி மெல்லிசாயிடும், அதனால குளிர்." தோசைக்காரர் தன் கரண்டியையே ஒரு புது மரியாதையோடு பார்த்தார். நிவேதா இரண்டு தோசையையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் அம்மா கையிலிருந்த தட்டு நழுவப் பார்த்தது, ஏனென்றால் குழந்தை கேட்டது சுத்தத் தமிழில்: "அப்போ மே மாசம் ஊத்தப்பம், டிசம்பர் மாசம் பேப்பர் ரோஸ்ட்டா ஆண்ட்டி?"

எத்தனை பருவம்?

திருமுல்கேரியில், ராணுவக் குடும்பத்துப் பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளி. ஆரம்பத்தில் எல்லா இடத்திலும் கேட்கும் கேள்விதான்: "உங்களுக்குத் தெரிஞ்ச பருவ காலங்களைச் சொல்லுங்க." வழக்கமாக வசந்த காலம், இலையுதிர் காலம் என்று பாடப் புத்தகம் வரும். நம் ஊரில் அவற்றை யார் கண்டது? மாம்பழ சீசன், கல்யாண சீசன், டெங்கு சீசன் என்று நான் எடுத்துக் கொடுத்துச் சிரிக்க வைப்பேன். அன்று முதல் வரிசையில் இருந்த ஒரு பெண் குழந்தை விரல் விட்டு எண்ணி, இரண்டுதான் என்றாள். வெயிலும் மழையுமா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். அன்று அதற்குமேல் என்னால் யாரையும் சிரிக்க வைக்க முடியவில்லை. அவள் சொன்னது இதுதான்: "அப்பா வீட்ல இருக்கிற சீசன், அப்பா வீட்ல இல்லாத சீசன்."

ஓடும் ஹலீம்

பழைய நகரத்தில் ஒரு பள்ளி, சீசன் வந்தால் கறியும் கோதுமையும் குழையக் காய்ச்சிய ஹலீம் தெருவெல்லாம் மணக்கும் பகுதி. காட்சி முடிந்து "கேள்வி உண்டா?" என்றதும் இம்ரான் என்ற ஐந்தாம் வகுப்புப் பையன் எழுந்தான். ஆள் குண்டு, கேள்வியும் கனம். "சாய்வுனாலதான் பருவம்னு சொல்றீங்க. மாம்பழம் எப்பவும் வெயில்லதான் வருது. ஆனா ஹலீம் சீசன் மட்டும் ஏன் ஓடிக்கிட்டே இருக்கு? என் அண்ணன் சின்னப் பையனா இருந்தப்போ மழையில குடை பிடிச்சு ஹலீம் சாப்பிட்டானாம். நான் சின்னப் பையனா இருந்தப்போ மே வெயில். இப்போ ஸ்வெட்டரே இன்னும் மடிச்சு வைக்கலை, அதுக்குள்ள வந்துடுச்சு. பூமி ஆடுதா?" பின்வரிசையில் இருந்த ஆசிரியர்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்.

நல்ல கேள்வி என்று மனதாரச் சொன்னேன். ஹலீம் ரம்ஜானைப் பின்பற்றுகிறது. ரம்ஜான் நிலாவைப் பின்பற்றுகிறது. நிலாவின் பன்னிரண்டு மாதம், சூரிய வருஷத்தைவிடப் பதினொரு நாள் போலக் குறைவு. அதனால் வருஷா வருஷம் முன்னால் நகர்ந்து, வெயில், குளிர், மழை எல்லாவற்றையும் ஒரு சுற்று சுற்றிவிட்டு வரும். பூமி ஒழுங்காகத்தான் இருக்கிறது. "உனக்குப் பதினாலு பதினஞ்சு வயசு ஆகும்போது டிசம்பர்லயே வந்துடும்" என்றேன். "டிசம்பர்ல பகல் சின்னதுன்னு சொன்னீங்களே?" "ஆமாம்." "அப்போ நோன்பும் சின்னதா?" "வெயில் காலத்தைவிட ரெண்டு மணி நேரம் வரைக்கும் சின்னது." இம்ரான் கண்ணை மூடி ஏதோ கணக்குப் போட்டான். திறந்தபோது முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "அந்த நோன்பை இப்பவே புக் பண்ணி வைக்க முடியுமா ஆண்ட்டி?"

நிழல் காணாமல் போன மதியம்

ஹைதராபாத்தில் வருஷத்துக்கு இரண்டு நாள், மதியம் சூரியன் சரியாக உச்சந்தலைக்கு நேரே வரும். நட்டுவைத்த கம்புக்கு நிழலே இருக்காது. மே மாதம் இரண்டாவது வாரத்தில் ஒன்று, ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஒன்று. டெல்லிக்காரர்களுக்கு இந்தப் பாக்கியம் வாழ்நாளில் கிடையாது. பூமி சாய்ந்திருக்கும் அளவுக்குச் சூரியன் அவ்வளவு வடக்கே ஏறாது. போன மே மாதம், மெட்டுகுடா குவார்ட்டர்ஸ் பிள்ளைகளுக்கு அதைக் காட்டலாம் என்று ஸ்டீபன் அண்ணனே கேட்டு ஏற்பாடு செய்திருந்தார். அவர் பிறந்த இடம். வீடு வீடாகச் சொல்லி வைத்திருந்தார். பன்னிரண்டு பத்துக்கு நிழல் போகும், பதினொன்றரைக்கு எல்லாரும் மைதானத்துக்கு வந்துவிட்டார்கள். பிள்ளைகள் கையில் எவர்சில்வர் டம்ளர், இரும்புக் குழாய், கிரிக்கெட் ஸ்டம்ப். எல்லாம் சரி, என் தொண்டைதான் சரியில்லை. அந்த வாரம் முழுக்கக் கத்திக் கத்தி, அன்று காலை சுத்தமாகக் குரல் போய்விட்டது. வாயைத் திறந்தால் சைக்கிள் ட்யூபிலிருந்து காற்று போகிற சத்தம்.

மைக்கை ஸ்டீபன் அண்ணனிடம் நீட்டினேன். அவர் இரண்டடி பின்னால் போனார். "நக்கோ சிஸ்டர், நான் டென்த் பெயில்." கூட்டத்தில் யாரோ, "ஏய் ஸ்டீபா, நீ பலூன்தானே ஊதுவே, பாடமும் எடுப்பியா?" என்று கூவினார்கள். கூடப் படித்தவராம். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன் முகம் சுண்டிவிட்டது. நான் வேறு வழி தெரியாமல் மைக்கை நீட்டியபடியே நின்றேன். நிழல் குறைந்துகொண்டே வந்தது. அவர் கைலியில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். வேலை நாளாக இருந்தால் பேண்ட் போட்டிருப்பார்.

முதல் இரண்டு வாக்கியம் திக்கினார். அப்புறம் தெலுங்கும் தமிழும் இந்தியுமாக எடுத்தார் பாருங்கள்! இத்தனை நாள் வெளியே மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து, துணிக்கு அந்தப்பக்கமிருந்து ஒவ்வொரு காட்சியையும் கேட்டிருக்கிறார் மனிதர். நான் எங்கே நிறுத்துவேனோ அங்கே நிறுத்தினார். எங்கே கேள்வி கேட்பேனோ அங்கே கேட்டார். "மே மாசம் சூரியன் கிட்டே வர்றதில்லை. கிட்டே வர்றதாலதான் சூடுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க" என்றபோது என்னை ஒரு பார்வை பார்த்தார். பன்னிரண்டு ஐந்துக்கு ஒரு மேகம் வந்து சூரியனை மூடியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து ஒரு பொடியன் கேட்டான்: "ஆகஸ்ட்லயும் சூரியன் நேரா தலைக்கு மேலதான்னா, அப்போ ஏன் மே மாதிரி கொதிக்கலை?" என் காட்சியில் இதுவரை யாரும் கேட்டதில்லை, நான் சொல்லிக் கொடுத்ததும் இல்லை. அண்ணன் மேலே கையைக் காட்டினார். "இதோ, இவர்தான் காரணம். மே மாசம் தரை காஞ்சு கிடக்கும், வெயில் முழுசா உள்ளே இறங்கும். தரை கொதிச்சா கடல்லேர்ந்து ஈரக் காத்தை இழுக்கும். அதுதான் மழை. ஆகஸ்ட்ல சூரியன் திரும்பி வரும்போது வானம் பூரா மேகம் குடை பிடிச்சு நிக்கும், தரையும் நனைஞ்சு கிடக்கும். இப்போ ஒரு நிமிஷம் ஜில்லுன்னு இருந்துச்சா இல்லையா?" "ஹவ்!" என்றது மைதானம். மேகம் விலகியது. அத்தனை டம்ளர், அத்தனை குழாய், அத்தனை ஸ்டம்பின் நிழலும் தன் காலுக்குள்ளேயே போய் ஒளிந்துகொண்டது. அங்கே எழுந்த கூச்சல் செகந்திராபாத் ஸ்டேஷன் வரை கேட்டிருக்கும். கூவின பழைய நண்பர் தன் நிழலைத் தேடி ஒரு முழுச் சுற்று சுற்றினார்.

நான் ஓரமாக உட்கார்ந்து வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தேன். அதைக் கொண்டுவந்து கொடுத்தவர் அண்ணனின் மனைவி மேரி அக்கா. பிள்ளைகள் சூழ நிற்கும் தன் புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார், வியர்வையா வேறெதுவுமா தெரியவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார். "கல்யாணம் ஆகி இருபத்திரண்டு வருஷம் சிஸ்டர், வீட்ல 'சோறு போடு'ன்றது தவிர வாயே திறக்காத மனுஷன். சூரியனைப் பத்திக் கேட்டாதான் பேசுவாருன்னு எனக்கு யாரும் சொல்லவே இல்லையே!"

இருபத்துமூன்றரை டிகிரி சாய்ந்து நிற்கும் ஒரு உருண்டையைப் பற்றி நேராகப் பேசவேண்டும் என்பதுதான் என் உத்தியோகம். அதை இதுவரை என்னைவிட மற்ற எல்லாரும் ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள், சம்பளம் மட்டும் எனக்கு வருகிறது.